இருபத்துநாலு டிகிரி

அனகா இறந்து பதினோரு மாதம். மஹதி பிறந்தும் அதே பதினோரு மாதம். இத்தனை நாளில் கிருஷ்ணஸ்வாமி பேத்தியை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், நிமிஷம் தவறாதவர். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஃபோனில் ஒரு ஜாதக ஆப்பை இறக்கி, பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டார். மூலம், இரண்டாம் பாதம். தாய்க்கு ஆகாது. ஒரு மணி நேரத்தில் மகள் போய்விட்டாள்.

அவளுடைய வருஷாப்திகம், முதல் வருஷத் திவசம், வருவதற்கு முன்னால் குழந்தைக்கு மூல சாந்தி செய்துவிட வேண்டும் என்று, அன்று காலை அக்ரஹாரத்து வீட்டிலிருந்து வாத்தியாருக்கு ஃபோன் செய்தார். பேசி வைத்ததும் முகம் சுளித்தார்.

“குழந்தை அனுஷமாம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரியலை அவருக்கு.”

மருமகன் சாய்கிருஷ்ணா மஹதியைத் தோளில் போட்டிருந்தான். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். “அந்த ஃபோனைக் குடுங்கோ, மாமா.”

ஆப்பின் செட்டிங்கைத் திறந்தான்.

“இது வெளிநாட்டுக்காரா பண்ணினது. அயனாம்சத்தைக் கழிக்கவே இல்லை.”

“ஹௌதா, அப்படியா?” பேச்சில் கன்னடம் கலந்து வரும் அவருக்கு. “ஏன் கழிக்கணும்?”

“சந்திரனும் சூரியனும் பூமியோட இடுப்பைப் பிடிச்சு இழுக்கறது. சந்திரன்தான் ஜாஸ்தி. பூமி பம்பரமாட்டம் தலையை ஆட்டிண்டு சுத்தறது. ஒரு ஆட்டம் முடிய இருபத்தாறாயிரம் வருஷம். வானத்தை எங்கேருந்து அளக்கறோமோ, அந்த இடமே நகர்ந்துண்டிருக்கு. இப்போ இருபத்துநாலு டிகிரி. அதைத்தான் கழிக்கணும்.”

மாற்றினான். மூலம் போய் அனுஷம் வந்தது.

“தோஷம்?”

“ஒண்ணுமில்லை.”

அவனுக்கு உடம்பு லேசானது. அதுதான் சுட்டது. ஜாதகத்தை நம்பாதவன். ஆனாலும் பால் புட்டியை நீட்டும்போது, நீதானா காரணம் என்று இந்த முகத்தைப் பார்த்து அவனும் கேட்டிருக்கிறான்.

கிருஷ்ணஸ்வாமி கையை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “வாடி தங்கம். தாத்தா ஒரு மக்கு.” மஹதி அவர் கண்ணாடியைப் பிடுங்கினாள். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்போ யாரால, மாப்ளே?”

“என்ன மாமா?”

“சும்மனே போயிடுவாளா? உங்க ஜாதகத்தை நான் பார்த்ததே இல்லையே. கல்யாணத்தப்போ வேண்டாம்னுட்டேளே.”

ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டர் சொன்னதை இருவரும்தான் கேட்டார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தான். மஹதி தாத்தாவின் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவர் விரல் ஃபோன் மேல் காத்திருந்தது.

“போட்டுக்கோங்கோ,” என்றான். “தொண்ணூத்தஞ்சு, ஆகஸ்ட் ஒம்பது. காலைல ஏழு பத்து. மைசூர்.”