மேல்வீட்டுத் தேநீர்

கல்யாண கவுனுக்கு முத்து தைப்பது என் வேலை. வெள்ளைத் துணிக்கு முதல் எதிரி தைப்பவளின் கைதான் என்று நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டே இருப்பேன். எதிரி தலைக்கு மேலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. அன்று காலை விரிப்பை எடுத்துப் பார்த்தால், பாதி தைத்த கவுனின் மார்புப் பக்கம் பழுப்பாக ஒரு கறை. அண்ணாந்து பார்த்தேன். சீலிங்கில் பெரிய ஈரத்திட்டு. அடுத்த சொட்டு தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மேல்வீட்டில் சுவா பெரியப்பா. பீங்கான் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து டீ மேசையை விட்டு எழுந்திருக்காதவர். சீனாவில் எங்கள் சாவ்ஜோவில் அது ஒரு குறையே இல்லை. எங்கள் ஊரில் மேசைக்கு முன்னால் உட்காராமல் ஒரு காரியமும் நடக்காது. என் கஷ்டமும் அங்கேதான் தொடங்கியது.

கவுனைக் கையில் தூக்கிக்கொண்டு, திட்டவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு படியேறினேன்.

"வாம்மா பெக் ஹுன், உக்காரு. டீ சாப்பிடு."

"பெரியப்பா, உங்க வீட்டுத் தண்ணி என் வீட்ல சொட்டுது. இந்தத் துணியப் பாருங்க."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல சாப்பிடு."

புதிதாக ஆள் வந்தால் புது இலை போடவேண்டும். இருந்ததைக் கொட்டினார். வெந்நீரில் குடுவையைக் குளிப்பாட்டினார், கிண்ணங்களைக் குளிப்பாட்டினார். முதல் ஊற்றைக் குடிக்கக் கூடாது என்று அதையும் தட்டில் கவிழ்த்தார். பக்கத்தில் அவருடைய நண்பர் லாவ், சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு என் கவுனைப் பார்த்தார்.

"யாருக்கும்மா கல்யாணம்? சுவாவுக்கா?"

நான் சிரிக்கவில்லை. விரல்நுனி சுடும் அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுத்து உறிஞ்சினேன். சொல்லவே வெறுப்பாக இருக்கிறது: அவ்வளவு நல்ல டீ. நாக்கில் முதலில் லேசாகக் கசந்தது. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து பூவும் தேனுமாக ஒரு வாசம் மேலேறி வந்தது. வாத்துப் பீ வாசம் என்பது அந்த இலையின் பேர். பேருக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லை. அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் அந்த வாசத்தில் கலைந்து போய்விட்டது. வாயில் ஒருவர் ஊற்றிய டீயை வைத்துக்கொண்டு அவரை எப்படித் திட்டுவது?

"கொழுப்பக் கரைக்கும், சோறு செரிக்கும், மனசு அமைதியாகும்," என்றார் சுவா பெரியப்பா. "என் பல்லப் பாரு. இந்த வயசுலயும் ஒண்ணுகூட விழல."

"விழுந்தத எண்ணாம விட்டுட்டான்," என்றார் லாவ்.

"நாளைக்கே குழாய்க்காரன வரச் சொல்றேம்மா," என்றார் பெரியப்பா. நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். நன்றி! கீழே வந்து பார்த்தால் சொட்டு முன்னைவிட வேகமாக விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் குழாய்க்காரர் வந்தார். அவரும் முதலில் உட்கார்ந்தார். இப்போது நாலு பேர், கிண்ணம் மூன்றுதான். நீங்க மொதல்ல, இல்ல நீங்க மொதல்ல என்று ஒரு மணி நேரம். அப்புறம் குளியலறைக்குப் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க எல்லாம் காய்ஞ்சு கெடக்கு. உங்க சீலிங்தான் பழசு," என்றார்.

"சீலிங்குக்குத் தானா வேர்க்குமா?" என்றேன்.

"அக்கா, கோவப்படாதீங்க. டீ சாப்பிடுங்க."

கீழே வாளி நிரம்பியிருந்தது.

வாரம் முழுக்க இதே கதை. நான் போவேன், அவர் ஊற்றுவார், நாளை என்பார், நான் இறங்குவேன். வெளியூரில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் சேங் போனில், "வயசான மனுஷன், பாத்துப் பேசு," என்றார். அவர் தலையிலா சொட்டுகிறது? ஒருநாள் காலைக் கஞ்சிகூடக் குடிக்காமல் ஓடினேன். வெறும் வயிற்றில் அந்தக் கெட்டி டீ. கண் இருட்டி, மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"டீ போதை ஏறிடுச்சு இவளுக்கு!" லாவுக்கு ஒரே சந்தோஷம். சண்டை போடப் போனவள், சிறு பிள்ளை மாதிரி அவர்கள் கொடுத்த வேர்க்கடலை மிட்டாயைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் போனபோது உட்காரவில்லை.

"சாப்பிடும்மா."

"எனக்கு டீ வேணாம் பெரியப்பா. ஓட்டையக் காட்டுங்க."

லாவ் தன் கிண்ணத்துக்குள் பார்த்தார். சுவா பெரியப்பாவின் முகம் சிறுத்துப் போனது.

"என் டீய வேணாம்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல," என்றார் மெதுவாக.

இறங்கி வந்தேன். அழுகை அழுகையாக வந்தது. தப்பு அவருடையது, குற்றவாளி மாதிரி இறங்கி வந்தது நான். வாளியை மாற்றக் குனிந்தபோது ஒரு சொட்டு மேலுதட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. துடைக்கப் போன கை நின்றது. அந்த வாசம். பூவும் தேனும்.

மறுபடி மேலே ஓடினேன். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் டீ மேசைக்கு அடியில் மண்டியிட்டு நுழைந்தேன்.

"என்னம்மா பண்ற?"

தட்டிலிருந்து கழிவு இறங்கும் ரப்பர் குழாய், அடியில் வைத்திருந்த வாளிக்குள் இல்லை. நழுவி, சுவரோரம் பழைய குழாய் இருந்த ஓட்டையில் கச்சிதமாகச் செருகிக்கொண்டிருந்தது. குடுவையைக் குளிப்பாட்டியது, கிண்ணத்தைக் கழுவியது, கவிழ்த்த முதல் ஊற்று, எல்லாம் நேராக என் வீட்டுக்கு. நான் புகார் சொல்லப் போகும்போதெல்லாம் எனக்காகப் புது இலை போட்டு, எனக்காகவே அதிகம் கொட்டியிருக்கிறார்.

சட்டையைப் பிடிக்காத குறையாக இருவரையும் கீழே கூட்டிவந்து காட்டினேன். சுவா பெரியப்பா சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். காது சிவந்திருந்தது. பிறகு கவுனைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல எலைம்மா," என்றார். "கறை போகாது."

அன்றே சிமெண்டு வைத்து ஓட்டையை அடைத்தார்கள். சொட்டு நின்றது. நான் முத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியை மாற்றி, மறுபடி முதலிலிருந்து தைத்தேன். விரலெல்லாம் ஊசிக் குத்து. கவுன் போய்ச் சேருவதற்குள் மணப்பெண்ணின் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

மன்னிப்புக் கேட்க ஒரு பொட்டலம் டீயோடு பெரியப்பா வந்தார். வந்தவருக்கு ஊற்றாமல் இருக்க முடியுமா? ஊற்றினேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "தண்ணி இன்னும் கொதிச்சிருக்கணும்," என்றார்.

வார இறுதியில் சேங் வந்தார். பழுப்பு சீலிங்குக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தார்.

"அடேங்கப்பா, என்னா வாசனை! எங்க வாங்கின?"

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் அந்த ஊசியாலேயே சீலிங்கைக் காட்டினேன்.