உறையெல்லாம் எங்கே போச்சு

எனக்கு ஒரு கெட்ட குணம். அடுத்த வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியலைன்னா எனக்குத் தலை வெடிச்சிடும். சின்ன வயசுல இதுக்காக அம்மாகிட்ட வாங்காத திட்டு இல்ல. இப்ப அதையே பொழப்பா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்னா சிரிப்பு வரத்தானே செய்யும்? ஹெச்.ஐ.வி. கிளினிக்குல மாத்திரை வாங்க வர்ற ஜோடிகள்கிட்ட, படுக்கையில பாதுகாப்பா இருக்காங்களான்னு ஒரு படிவத்தை வச்சுக்கிட்டுக் கேட்கணும். நாப்பது கேள்வி. நானும் பதினோரு வருஷமா அதே மாத்திரையை முழுங்குறவதான். அதனால என்கிட்ட யாரும் ரொம்பக் கூச்சப்படறதில்ல.

இந்த வேலையில சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். புருஷனைத் தனியா, பொண்டாட்டியைத் தனியா கேட்கணும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட மூச்சு விடக்கூடாது. என் வாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அன்னிக்குக் காலையில லேத் பட்டறைக்காரர் வந்தார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நகத்துக்குள்ள கருப்பு, சட்டையில இரும்பு வாசம். இவருக்குத்தான் நோய். ரெண்டு வருஷம் முந்திக் கண்டுபிடிச்சாங்க. பொண்டாட்டிக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு துணி தைக்கிற கம்பெனியில இஸ்திரி போடுது. வெளியில பெஞ்சில உட்கார வச்சிருந்தேன்.

"போன மாசம் எத்தனை தடவை சேர்ந்தீங்க தம்பி?"

"பன்னெண்டு."

"ஆணுறை போட்டீங்களா?"

"பன்னெண்டு தடவையும்."

"கடைசியா?"

"போன வெள்ளிக்கிழமை."

கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்து விழுந்தது. மத்தவங்க எல்லாம் விட்டத்தைப் பார்ப்பாங்க, விரல் விடுவாங்க, சிரிப்பாங்க. இவர் ஒப்பிச்சார். சரின்னு எழுதிக்கிட்டேன். உறை மாட்டிக் காட்டுற மரக்கட்டை பக்கத்து அறையில வேற ஒருத்தர்கிட்ட இருந்ததால, அந்த ஒரு கேள்வியை மட்டும் அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன்.

அடுத்து அந்தப் பொண்ணு.

"பன்னெண்டு. எல்லாத்துக்கும் உறை. போன வெள்ளிக்கிழமை."

நான் இன்னும் வாயே திறக்கல!

இத்தனை வருஷத்துல ஒரு ஜோடி கணக்காவது ஒத்துப்போயிருக்கணுமே? கிடையாது. புருஷன் எட்டும்பான், பொண்டாட்டி மூணும்பா, ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஞாபகம் அப்படி. இங்க தேதி கூடத் தப்பல. எனக்குக் காது ரெண்டும் விறைச்சுக்கிச்சு.

"உறையை வீட்டுல எங்கம்மா வச்சிருக்கீங்க?" படிவத்துல இருக்குற கேள்விதான்.

முழிச்சா. "தலையணைக்கு அடியில."

புருஷன் பீரோ மேல்தட்டுன்னு சொல்லியிருந்தார். இதை மட்டும் பேசி வச்சுக்க மறந்துட்டாங்க போல. நான் ஒண்ணும் காட்டிக்கல. அதுக்குள்ள மரக்கட்டை வந்து சேர்ந்திருந்தது. ஒரு பாக்கெட்டை அவ கையில கொடுத்து மாட்டிக் காட்டச் சொன்னேன். பல்லால கடிச்சா. கடிச்ச கடியில உறையிலயே பல் பட்டிருக்கும். அப்புறம் தலைகீழா வச்சு உருட்டப் பார்த்தா, உருளல. இவ ஆயுசுல உறையைத் தொட்டதில்லைன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

"தங்கச்சி, இது பரீட்சை இல்ல. இங்க ஃபெயிலும் இல்ல, பாஸும் இல்ல. உண்மையைச் சொல்லும்மா."

அவ்வளவுதான். முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சா. ரெண்டு வருஷமா ஒண்ணும் கிடையாதாம். அவர் ஹால்ல படுக்கறாராம், கை தெரியாம பட்டாக்கூட இழுத்துக்குவாராம். பன்னெண்டு, வெள்ளிக்கிழமை எல்லாம் பஸ்ல வரும்போது அவர் சொல்லிக் கொடுத்தது.

"நீயும் ஏம்மா சரின்னு சொன்னே?"

"எவ்வளவு தூரம் பொய் சொல்றாருன்னு பார்க்கத்தான்கா. துணி துவைக்கும்போது அவர் பேன்ட்ல கிழிச்ச உறை பாக்கெட் கிடைக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, மாசா மாசம். இங்க வாங்கிட்டு வர்ற பன்னெண்டும் காலி. என்கிட்ட வர்றதில்லைன்னா எங்க போகுது? லீவு நாள்ல கூடப் பட்டறைன்னு கிளம்பிடறார். நான் என்ன பச்சைக் குழந்தையா?" மூக்கைத் துடைச்சுக்கிட்டா. "நாளைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். பெட்டியெல்லாம் கட்டியாச்சு. அவருக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லக்கூடாது."

சொல்ல முடியாதுடி அம்மா, சட்டமே அதுதானேன்னு மனசுக்குள்ள நொந்துக்கிட்டு அவளை வெளியே உட்கார வச்சேன். எனக்கோ வயித்தெரிச்சல். வியாதியும் வந்து, அதுக்கு மேல ஒருத்தியையும் பிடிச்சு வச்சிருக்கானா இந்த ஆளு? மூஞ்சியைப் பார்த்தா இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி இருக்கானே! பன்னெண்டு உறையும் எங்க போகுதுன்னு தெரியாம எனக்கு அன்னிக்குச் சோறு இறங்காது.

விட்டுப்போன கேள்வி ஒண்ணு இருக்குன்னு அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். மரக்கட்டையை முன்னால தள்ளினேன்.

மனுஷன் பாக்கெட்டை வெளிச்சத்துல தூக்கித் தேதி பார்த்தார். அமுக்கிக் காத்து இருக்கான்னு பார்த்தார். ஓரத்துல விரலால கிழிச்சார். நுனியைக் கிள்ளிப் பிடிச்சு ஒரே உருட்டு. சொல்லிக் கொடுக்கிற எனக்கே அவ்வளவு சுத்தமா வராது.

"எங்க தம்பி பழகினீங்க?"

"பட்டறையில."

நாற்காலியைக் கிட்ட இழுத்துக்கிட்டேன். "பட்டறையில யாரு?"

"யாருன்னா? குழாய்தான்."

"என்னது?"

"இரும்புக் குழாய்க்கா. அளவாக் கடைஞ்சு எடுத்தேன். மத்தவங்க இல்லாத நாளாப் பார்த்து, அதுக்கு மாட்டி மாட்டிப் பார்ப்பேன். முந்நூறு கிட்ட ஆகியிருக்கும்."

நான் பேனாவைக் கீழ வச்சேன். கேள்விப்படாதது எதுவும் பாக்கி இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தவ நான். "எதுக்குய்யா?"

"எங்களுக்கு ஒரு பாகம் செஞ்சா, சோதிச்சுப் பார்க்காம வெளிய அனுப்ப மாட்டோம். இதை எப்படி நம்பி அவகிட்டப் போறது? முதல்ல சும்மா மாட்டித் தண்ணி ஊத்திப் பார்த்தேன். ஒழுகல. அப்புறம், நிஜத்துல அசைவு இருக்குமேன்னு எண்ணெய் போட்டு இழுத்துப் பார்த்தேன். பத்துல மூணு கிழியுது. பத்துல மூணு! அவளை வச்சு நான் எப்படிக்கா விளையாடுவேன்?" அவர் குரல் இறங்கிப் போச்சு. "இங்க கணக்குக் கேட்டா என்ன சொல்றதுன்னுதான் பன்னெண்டுன்னு சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"என்ன எண்ணெய்?"

"லேத் எண்ணெய்தான். பட்டறையில வேற என்ன இருக்கு?"

அட பாவி மனுஷா! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஏன் தம்பி, எண்ணெய் பட்டா ரப்பர் என்ன ஆகும்னு உங்களுக்கா நான் சொல்லணும்?"

அவர் மரக்கட்டையையே பார்த்துக்கிட்டிருந்தார். "ஆமால்ல," என்றார். "வாஷர்ல எண்ணெய் பட்டா ஊறிப்போகும்னு தினமும் நான்தான் கத்துவேன்."

"எந்த எண்ணெயும் ஆகாது. தலைக்குத் தேய்க்கிறதும் ஆகாது. தண்ணியில கரையுற ஜெல் இங்கயே தர்றாங்க. அது கிடக்கட்டும், உங்க ரத்த ரிப்போர்ட் என்ன சொல்லுது? பதினாலு மாசமா வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுலதானே இருக்கு?"

"அளவுகோலுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?"

"உள்ள ஒளிஞ்சுதான் இருக்கு, இல்லைன்னு யார் சொன்னா? மாத்திரையை நிறுத்தினா தலை தூக்கும். ஆனா தினமும் போட்டு, அளவு இப்படியே இருந்தா, படுக்கையில அது அடுத்தவங்களுக்குப் போகாது. உறையில்லாம இருந்த ஜோடிகளையே ஆயிரக்கணக்குல, வருஷக்கணக்கா பார்த்தாச்சு. அப்படி ஒருத்தருக்குக் கூட வரல. டாக்டர்கிட்டயும் கேளுங்க. அதுக்கு மேலயும் மனசு கேட்கலைன்னா உறை இருக்கு. என் வீட்டுக்காரரைப் பாருங்க, பதினோரு வருஷமா என் பக்கத்துலதான் குறட்டை விடறார். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கிறோம், ஒண்ணும் இல்ல."

அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். துடைச்சதுல கன்னத்துல கருப்பு ஒட்டிக்கிச்சு.

"குழாய் விஷயம் வீட்டுல தெரியுமா?"

"இதையெல்லாம் எப்படிக்கா சொல்றது? சிரிப்பா."

சிரிப்பாளா! அங்க பெட்டி கட்டி வச்சிருக்கா. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை முழுங்கினேன். "கூப்பிடட்டுமா? நீங்களே சொல்லுங்க. இப்பவே. நான் வேணா வெளிய போறேன்."

"நீங்க இருங்கக்கா," என்றார். "பாதியில நின்னா தள்ளி விடணும்ல."

அவ வந்து கதவுகிட்டயே நின்னா. முகம் கல்லா இருந்தது. அவர் அவ முகத்தைப் பார்க்காம, மரக்கட்டையைப் பார்த்தே சொல்லி முடிச்சார். குழாய், தண்ணி, எண்ணெய், பத்துல மூணு, மாசா மாசம் காலியான பாக்கெட் எல்லாம். அவளுக்கு முதல்ல புரியல. என்னைப் பார்த்தா. நான் ஆமாம்னு தலையாட்டினேன். அப்புறம் கிட்ட வந்து அவர் தோள்ல ஓங்கி ஒரு அடி வச்சா. இன்னொண்ணு வச்சா. "அறிவிருக்கா உங்களுக்கு? எவளோ ஒருத்தின்னு நான் தினம் தினம் செத்துக்கிட்டிருந்தேன். குழாயாம் குழாய்! அதுக்கு முந்நூறு தடவை மாட்டினீங்களே, என்னை ஒரு தடவை கேட்டீங்களா? பயமா இருக்கா, வேணுமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை?"

அவர் தலை குனிஞ்சே இருந்தது.

"கேட்க பயமா இருந்துச்சு."

"வேண்டாம்னு சொல்லிடுவேன்னா?"

"இல்ல," என்றார். "சரின்னு சொல்லிடுவியேன்னு."

அவ நாற்காலியை இழுத்து அவர் பக்கத்துல போட்டு உட்கார்ந்து, கருப்பு நகத்தோட இருந்த அந்தக் கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. அவர் இழுக்கல.