ஆளுக்கொரு அச்சு

1.

இந்தக் கதை ஒரு பிளேன்ரீக்கான கைமாறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சோழகக் காற்று கடுமையாக வீசிய ஒரு நாள் நெடுந்தீவில் படகு ஓடவில்லை. துறைக்குப் பக்கத்தில் வாகீசன் வீட்டு வேம்பின் கீழே எனக்கொரு கதிரை போட்டு, பால் விடாத பிளேன்ரீயும் தந்தார்கள். யாரென்று கேட்கவில்லை. நான்கு மணிநேரம் வாய் திறக்காமல் இருக்க விட்டார்கள். அப்படி விடுகிற மனிதர்களை நான் அதிகம் கண்டதில்லை. எழும்பும்போது "நன்றி" என்றேன். வாகீசனின் மனைவி சுமித்திராவின் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன அண்ணை, பிறத்தியாருக்குச் சொல்லுறமாதிரி?"

ஆகவே சொல்லாமல், எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: பவளக்கல் மதிலின் நிழலில் காலத்தின் சில்லுகள்...

வேண்டாம். [காலத்துக்குச் சில்லு இல்லை. இந்தக் கதையில் இரண்டு விளையாட்டுக் கார்களின் எட்டுச் சில்லுகள் வருகின்றன, அவையே போதும்.]

இரண்டாவது தொடக்கம்: வாகீசனும் தேனுஜனும் ஒன்பது வருடமாக ஒரே படகில் தொழில் செய்பவர்கள். மீனோ, கிழிந்த வலையோ, வீட்டில் வாங்கும் ஏச்சோ, கரைக்கு வந்ததும் சரிபாதி.

இது நிற்கட்டும்.

இருவரிடமும் தாங்களே பொருத்திய றிமோட் கார் ஒவ்வொன்று உண்டு. வேகமாக ஓடுவதல்ல, கல்லில் நத்தைபோல ஊர்ந்து ஏறுவது. வாகீசன் வீட்டு மதிலில் மட்டும் இரண்டும் ஏறமாட்டா. அச்சு கல்லில் தட்டி நின்றுவிடும். திங்கட்கிழமை தேனுஜனுக்கு ஊர்காவற்றுறையில் சாரதி வேலை தொடங்குகிறது. அதற்குமுன் மதில் ஏறிவிடவேண்டும் என்று கொழும்பிலிருந்து உயரமான அச்சுகள் எடுப்பித்தார்கள்.

3.

பார்சலில் வந்தது ஒரு சோடி. ஒரு காருக்கு முன்னும் பின்னும் பூட்டுவதற்கானது. இவர்களுக்கு அந்த யோசனையே வரவில்லை. உனக்கொன்று, எனக்கொன்று. அன்று என் கண்முன்னேயே இருவரும் பழைய முன்னச்சைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினார்கள்.

வாகீசன் விசையை அழுத்தினான். முன்சில்லுகள் பின்னுக்கு உருண்டன, பின்சில்லுகள் முன்னுக்கு. கார் நின்ற இடத்திலேயே உதறியது.

"மச்சான், உன்ரைக்கு வலிப்பு வந்திட்டுது."

"உன்ரையை ஓட்டன் பாப்பம்."

தேனுஜன் ஓட்டினான். அதற்கும் வலிப்பு.

[புதிய அச்சில் சில்லுக்கு அருகே இன்னொரு சோடிப் பல்லுச்சக்கரம் உண்டு. காரை உயர்த்துவது அதுதான். சுழலும் திசையை மாற்றுவதும் அதுதான். முன்னும் பின்னும் புதியதென்றால் ஒத்துப்போகும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் சண்டை.]

சுமித்திரா குசினி வாசலில் நின்றாள். "இஞ்சருங்கோ, ஒரு சோடிச் செருப்பு வாங்கினாலும் ஆளுக்கொண்டாத்தான் போடுவியளோ?"

தேனுஜன் சிரித்துக்கொண்டே தன் புதிய அச்சைக் கழற்றி நீட்டினான். "இந்தா, ரெண்டையும் நீ பூட்டு. உன்ரையாவது ஏறட்டும்."

"எனக்கு வேண்டாம்." வாகீசனும் தன்னுடையதைக் கழற்றி மதில்மேல் வைத்தான். "நீ கொண்டு போ."

"அங்க நான் ஆரோட ஓட்டுறது? நீயே வைச்சிரு."

"என்னட்டத் தந்திட்டு ஒரேயடியாப் போகவோ?"

சொன்ன பிறகுதான் வாகீசனுக்கே அது கேட்டது. தேனுஜன் தன் அச்சையும் மதில்மேல் வைத்தான். நான் மௌனத்தில் பழகியவன். அன்று கதிரையில் நெளிந்தேன்.

4.

வாகீசனை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஓர் அச்சைக் காட்டி ஒருவனை மறிப்பவனா இவன்? மூன்று முறை எழுதி அடித்துவிட்டு, இதை எழுதினேன்: போன வருடம் எழுவைதீவுக்கு அப்பால் இயந்திரம் நின்றபோது வாகீசனுக்குக் கடும் காய்ச்சல். தேனுஜன் கை உரிய உரியத் தனியே துடுப்புப் போட்டுக் கரைசேர்த்தான். அதைப்பற்றி வாகீசன் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் பிறத்தியாராகிவிடுவார்கள்.

இப்போது முடிவுகள்.

வாகீசன் இரண்டையும் வாங்கிக்கொள்கிறான். மதில் ஏறுகிறான், தனியே. [கண்ணீர் வரும். எனக்கு வேண்டாம்.]

இரண்டையும் கொடுத்துவிடுகிறான். அந்தத் துடுப்புக்கு அதுதான் பதில். ஆனால் தேனுஜன் அதைப் பிரியாவிடை என்று எடுத்துக்கொண்டால்?

ஆளுக்கொன்றாகவே இருக்கட்டும். இரண்டு காரும் ஓடாது. ஓடவேண்டுமென்றால் ஒருவன் படகேறி மற்றவனிடம் வந்தாகவேண்டும். [எனக்கு விருப்பமான முடிவு. ஆனால் கார்கள் பாவம்.]

5.

காற்றுத் தணிந்து படகு ஊதியது. புதிய அச்சுகள் மதில்மேல் இருந்தன. இரண்டு கார்களும் முன்சில்லில்லாமல் மண்ணில் மூக்குக் குத்திக் கிடந்தன. நான் எழும்பினேன், அந்த "நன்றி"யைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் வாகீசன் அச்சுகளையும் நட்டுத் திருகும் சாவியையும் கையில் எடுத்தான்.

"டேய், காரைப் பிடி."

எந்தக் காரை என்று அவன் சொல்லவில்லை. தேனுஜன் கேட்கவுமில்லை. குனிந்து ஒன்றைப் பிடித்தான். இருவர் முதுகும் எனக்கு மறைத்துவிட்டது.

படகு துறையைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். மதில்மேல் ஏதோ ஊர்ந்தது. ஆடாகவும் இருக்கலாம்.

நான் தூரத்துக்கு வந்துவிட்டேன். கதிரை இன்னும் வேம்பின் கீழேதான் இருக்கிறது. நீங்கள் போய் இருந்து பாருங்கள். யாரும் உங்களை ஒன்றும் கேட்கமாட்டார்கள்.