காகத்துக்கு வைத்த சோறு

மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த மகளைப் பதினான்கு வருடம் கழித்து டண்டினொங் ரயில் நிலைய வாசலில் வைத்து வான் வண்டியில் ஏற்றினான் அருந்தவன். அவளோடு இன்னும் ஒன்பது பிள்ளைகள், ஒரு ரீச்சர். யாழ்ப்பாணத்துத் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றின் பண்பாட்டுக் கல்விச் சுற்றுலா. பத்து நாள் பயணத்தில் இந்த ஒரு நாள் மட்டும் தமிழ்ச் சங்கத்தின் வானில். வழக்கமாக அதை ஓட்டுகிற பாலகிருஷ்ணனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தான் வேலை செய்யும் வேர்ஹவுஸில் காய்ச்சல் என்று பொய் சொல்லி, அந்த ஒரு நாளை அவன் வாங்கியிருந்தான்.

மனைவி தனலெட்சுமி போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். “நீங்கள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. வீசா ஃபோமில உங்களைப் போடேல்லை. தெரிஞ்சுதெண்டா பிள்ளையைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்.”

அதில் அவனுக்கு மறுபேச்சு இல்லை. படகில் இந்த நாட்டுக்கு வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் இரண்டு வருடம் அடைபட்டு, இன்றுவரை தற்காலிக வீசாவில் இழுபடுகிறவனின் பிள்ளைக்கு எவன் வீசா குத்துவான்? அவனால் அங்கே போக முடியாது, அவர்களை இங்கே கூப்பிடவும் முடியாது. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். யாரும் பார்க்காத ஒரு நிமிடத்தில் நிரூபா தன்னை ‘அப்பா’ என்று கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் போனை நீட்டும்போதெல்லாம் “எனக்கு ரியூசன்” என்று ஓடிவிடுகிற பிள்ளை அது. வெட்கம் என்று தாய் சொல்லுவாள். அவனும் நம்பிக்கொண்டிருந்தான். நம்புவதைத் தவிர அவனிடம் வேறு என்ன இருந்தது?

“குட் மோர்னிங் அங்கிள்” என்று எல்லாரையும் போலச் சொல்லிவிட்டு நிரூபா கடைசி சீற்றில் போய் இருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கெட்டிக்காரி, என்னமாய் நடிக்கிறாள் என்று அருந்தவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் மலை. பனிக்குளிரில் நின்று பிள்ளைகள் நகரத்தைப் பார்த்தார்கள், அதைவிட அதிகமாகத் தங்களைப் படம் பிடித்தார்கள். நிரூபா தன் போனை அவனிடம் நீட்டி, “அங்கிள், ஒண்டு எடுத்து விடுங்கோ” என்றாள். அவன் நாலைந்து எடுத்தான். பிறகு முதல்நாளே வாங்கி வைத்திருந்த சொக்லேட் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தான். நிரூபா மட்டும் தலையை ஆட்டி மறுத்தாள்.

“அவளுக்கு வேண்டாம் அண்ணை” என்றார் பவளம் ரீச்சர். “இண்டைக்கு ஆடி அமாவாசை எல்லோ. பிள்ளை விரதம். தகப்பன் இல்லாத பிள்ளை.”

அருந்தவன் பெட்டியை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. வீசாவுக்காகச் சொன்ன பொய்யை விரதம் வரைக்கும் இழுத்துவிட்டார்கள் என்று நினைத்தான். கோபம் வந்தது. உடனே, பிள்ளை என்ன செய்யும் பாவம் என்றும் இருந்தது.

அடுத்தது டண்டினொங்கில் ஒரு மண்டபத்தில் கூடை பின்னல். மார்லீன் என்ற பழங்குடிப் பெண் காய்ந்த புல்லைக் கட்டுக்கட்டாக மேசையில் போட்டுக்கொண்டு நின்றாள். சும்மா நிற்கிற ஆட்களைக் கண்டால் அவளுக்குப் பிடிக்காது போலிருந்தது. வாசலில் வான் சாவியோடு நின்ற அருந்தவனையும் அதட்டிக் கூப்பிட்டு, வெறுமையாகக் கிடந்த ஒரு கதிரையில் இருத்தினாள். அது நிரூபாவுக்குப் பக்கத்துக் கதிரை.

புல்லைக் கற்றையாகப் பிடித்து வட்டமாகச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றையும் நாரால் தைத்துக்கொண்டு போக வேண்டும். பெட்டி அடுக்குகிற அவன் விரல்களுக்கு ஊசி பிடிபடவில்லை. மற்றப் பிள்ளைகள் மார்லீனைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வீசாவுக்காகத்தானே பிள்ளை இந்த விரதம் எல்லாம்?” என்று அவன் மெல்லக் கேட்டான்.

நிரூபா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இல்லை. நான் ஆறு வருசமாப் பிடிக்கிறன்.”

“ஆறு வருசமா?”

“விசாரணைக்கு எண்டு உங்களைத் தேடி ஆக்கள் வந்து வந்து கேட்டவை. அம்மா, அவர் படகோட கடலில மூழ்கிப் போனார் எண்டு சொல்லிப்போட்டா. அதோட அவை வாறது நிண்டுது. பிறகு ஊர்ச்சனம் தொடங்கிச்சுது. செத்தவருக்கு ஏன் வருசத் திதி இல்லை, பிள்ளை ஏன் அமாவாசை பிடிக்கேல்லை எண்டு. பிடிச்சம்.” நாரை இழுத்து இறுக்கினாள். “அம்மா பொட்டும் வைக்கிறேல்லை.”

வீடியோவில் தனலெட்சுமியின் வெறும் நெற்றியை எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருப்பான்! கேட்டபோது, “வீட்டில தானே நிக்கிறன், ஆருக்குப் பொட்டு” என்று சிரித்தாள். அவனும் சேர்ந்து சிரித்திருந்தான். தன் செத்தவீட்டைப் பார்த்துத் தானே சிரித்த மடையன்.

“உனக்கு மனசுக்கு ஒண்டும் செய்யேல்லையோ பிள்ளை?”

“முதல் வருசம் அழுதனான். பிறகு பழகிட்டுது” என்றாள் நிரூபா. “உங்களோட போன்ல கதைக்கத்தான் ஒரு மாதிரிக் கிடக்கும். உங்களுக்குப் படைச்சுப்போட்டு எப்பிடி உங்களோடயே கதைக்கிறது?”

அவள் பின்னியது ஒரு சிறு தட்டின் அளவுக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் கோணல். மார்லீன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் முதலில் பின்னியதை ஒருவரும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றாள். யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டாள். அருந்தவன் தன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பவளம் ரீச்சருக்கு யோசனை வந்தது. “நல்லதாப் போச்சு. அப்பாட பேரில அதிலயே படைச்சுக் காகத்துக்கு வை பிள்ளை.”

மதியச் சாப்பாடு சங்கத்திலிருந்து வந்திருந்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய், பாகற்காய், வடை. “விரதத்துக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காய்க்கு இந்த ஊரில எங்க போறது, பாகற்காயும் கைக்கும்தானே” என்று ரீச்சர் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். நிரூபா புல் தட்டில் ஒரு வாழையிலைத் துண்டை விரித்து எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தாள். மண்டபத்துக்குப் பின்னால், கார்கள் நிற்கிற இடத்துக் குட்டிச் சுவரில் கொண்டுபோய் வைத்தாள். ரீச்சர் கூடவே போனார். அருந்தவன் கதவடியில் நின்றான்.

“அப்பாவை நினைச்சுக்கொண்டு கூப்பிடு.”

நிரூபா கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருடப் பழக்கம், குரல் தடுமாறவில்லை. “அப்பா, வந்து சாப்பிடுங்கோ” என்றாள். இன்னொரு முறையும் சொன்னாள். “அப்பா, வாங்கோ.”

பதினான்கு வருடமாக அவன் காத்திருந்த சொல் அதுதான். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து அதை அவள் சொன்னாள்.

காகம் வரவில்லை. மற்ற நாட்களில் குப்பைத் தொட்டியை மொய்க்கிற காகங்களில் ஒன்றுகூட வரவில்லை. ஒரு கடற்பறவை வந்தது. ரீச்சர் அதைக் கைலேஞ்சித் துணியை வீசி விரட்டினார். பத்து நிமிடம் போயிற்று. காகம் எடுக்காமல் விரதக்காரி வாயில் ஒரு பருக்கை வைக்கக் கூடாது. விடியற்காலையிலிருந்து பட்டினி கிடந்த பிள்ளையின் முகம் வாடிப் போயிருந்தது.

ரீச்சர் திரும்பி அவனைப் பார்த்தார். “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. காகம் எடுக்காட்டி ஒரு ஆளுக்குக் குடுத்தாலும் காணும். நீங்கள் சாப்பிட்டுவிடுங்கோ. பிள்ளை பசியோட நிக்குது.”

நிரூபா தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். “வேண்டாம் எண்டா விடுங்கோ” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

“தா பிள்ளை.”

அவன் நின்றபடியே சாப்பிட்டான். சோறு ஆறிப் போயிருந்தது. பாகற்காய்த் துண்டை மென்று விழுங்கினான். ஒரு பருக்கை மிச்சம் விடாமல் இலையை வழித்தான்.

“ஆறுதலாக் கிடக்கு” என்றார் ரீச்சர். “அவரே வந்து சாப்பிட்ட மாதிரி.”

“ஓம் ரீச்சர்” என்று சொல்லிவிட்டு நிரூபா உள்ளே சாப்பிடப் போனாள்.

அருந்தவன் குழாயில் கையையும் புல் தட்டையும் கழுவினான். இரண்டு மணிக்குக் கிரான்பர்னில் பூங்கா பார்க்க வேண்டும். அவன் வானைக் கிளப்பிச் சூடேற்றி வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருந்தான்.