ரெண்டாம் நம்பர் வாடலே

கோவர்த்தனனிடம் ஒரு பேனா உண்டு. நாற்றுப் பண்ணையில் வேறு எதை வேண்டுமானாலும் அவன் மனைவி தாட்சாயணி தொடலாம். மண் கலக்கலாம், குழித்தட்டு நிரப்பலாம், உரமூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. அந்தப் பேனாவை மட்டும் தொடக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை, எந்தெந்த விதை வாங்குவது என்று பட்டியல் எழுதுகிற பேனா அது. கல்யாணமாகிப் பதினாலு வருடம் ஆகியும் அந்தப் பட்டியலில் அவள் கையெழுத்தில் ஒரு வரி கிடையாது.

பண்ணை இருப்பது வடமாலபேட்டையில், சென்னைக்குப் போகிற ரோட்டோரம். திருச்சானூரில் லாட்ஜ் நடத்தும் சுரேஷ்பாபு இந்த வருடம் அங்கே வந்து, கார்த்திகை பிரம்மோற்சவத்துக்குத் தன் லாட்ஜ் வாசலில் நானூறு தொட்டி பெட்டூனியா வைக்கவேண்டும் என்றார். அடைமழைக் காலம், அதனால் மழையைத் தாங்குகிற பூவாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

கோவர்த்தனன் யோசிக்கவே இல்லை. உள்ளங்கை அகலம் விரிகிற, ஓரமெல்லாம் சுருக்கம் வைத்த பெரிய பூ ரகத்தைச் சொன்னான். தாட்சாயணி இடையில் புகுந்து, பெரிய பூ ஒரு மழைக்கே ரசத்தில் விழுந்த அப்பளமாகிவிடும், சின்னப் பூ ரகம்தான் நனைந்தாலும் நிமிரும் என்றாள். மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்றும் ஒரு போடு போட்டாள். சுரேஷ்பாபு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்று கிளம்பிவிட்டார்.

"மழையே சொல்லட்டும். யாரு பூ நிக்குதோ, இந்த வருசப் பட்டியல் அவங்கதான் எழுதணும்," என்றாள் தாட்சாயணி. அவன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். தோற்போம் என்று நினைத்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பானா?

முதலில் பண்ணைக்குப் பின்னாலேயே இரண்டு பாத்தி போட்டார்கள். முதல் மழைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் கோவர்த்தனன் பாத்தி மேல் தார்ப்பாய் கிடக்கிறது. காற்றில் பறந்து வந்து விழுந்ததாம். நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்துவிட்டுப் போகிற காற்றை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. விடிவதற்குள் எழுந்து தன் பாத்தியில் வதங்கின பூவையெல்லாம் கிள்ளி முந்தானையில் ஒளித்துக்கொண்டு வந்தவள்தானே. இனி இந்தப் போட்டி வீட்டுக்குள் ஆகாது என்று இரண்டு பேருக்குமே தெரிந்துபோயிற்று.

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தோட்டம் பார்க்கிற ரமணா அவர்களிடம்தான் செடி வாங்குவான். பழ சீசன் முடிந்து ஆலை வாசல் பாத்தி சும்மா கிடந்தது. இரண்டு தட்டு நாற்றில் நம்பர் சீட்டு குத்தி அவனுக்கு அனுப்பினார்கள். கோவர்த்தனன் பெருந்தன்மையாக, "ஒன்னாம் நம்பரு நீயே வெச்சிக்க. உனுக்கு வுட்டுக் குடுக்காத நான் யாருக்கு வுட்டுக் குடுக்கப்போறேன்," என்றான். அவளுடைய சின்னப் பூ ஒன்று ஆயிற்று, அவனுடைய பெரிய பூ இரண்டு ஆயிற்று.

ரமணாவிடம் இருப்பது பட்டன் போன். படம் அனுப்ப வழியில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிட்டுத் தெலுங்கில் விவரம் சொல்வான். அந்த எல்லைப் பக்கத்து ஜனங்களுக்குத் தமிழ் எங்கே முடிந்து தெலுங்கு எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கே தெரியாது, அதனால் யாரும் மொழியைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதல் வாரம், ஒன்று வேர் பிடித்துவிட்டது என்றான். இரண்டு? "ரெண்டோதி வாடலேதம்மா," என்றான். அடுத்த வாரம் நல்ல மழை. ஒன்று படுத்துவிட்டு, வெயில் வந்ததும் எழுந்துகொண்டதாம். இரண்டு? வாடலேது. அதற்கடுத்த வாரம் ஒன்றில் பத்துப் பூ உதிர்ந்து, இருபது பூத்திருக்கிறது. இரண்டு அப்போதும் வாடலேது.

கோவர்த்தனனைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் பூ வாடவே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சாப்பிட உட்கார்ந்தால், "உன்னுது படுத்து எழுந்துக்குது. என்னுது படுக்கவே இல்ல," என்று குழம்போடு சேர்த்துப் பரிமாறினான். பட்டியலைக்கூட அவள் காதில் விழும்படி உரக்கப் படித்துக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டான். தாட்சாயணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட, மனசு விட்டுப்போயிற்று. இத்தனை வருடம் கை மண்ணாகப் புழங்கித் தெரிந்துகொண்டது தப்பா என்று தன் கையையே சந்தேகப்பட்டாள்.

ஐந்து வாரம் ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வந்து முடிவைக் கேட்டுக்கொள்கிறேன் என்று சுரேஷ்பாபு சொல்லியனுப்பினார். தோற்றாலும் கண்ணால் பார்த்துத் தோற்கிறேன் என்று அன்று காலையிலேயே தாட்சாயணி சித்தூருக்கு பஸ் ஏறினாள்.

ஆலை வாசலில் இரண்டு பக்கமும் ரோஸ் நிறத்தில் அவளுடைய சின்னப் பூதான். முந்தின நாள் மழையில் நனைந்திருந்தாலும் ஒரு இதழ் கிழியவில்லை. இரண்டாம் நம்பர் எங்கே என்று கேட்டாள். ரமணா அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், மாம்பழ கிரேட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு தட்டை இழுத்தான். ஒவ்வொரு குழியிலும் நாற்று காய்ந்து, டீத்தூள் மாதிரி ஒரு சிட்டிகை. நடுவில் நம்பர் சீட்டு மட்டும் நன்றாக நின்றது.

ரமணா மேல் குற்றமில்லை. அந்த ஆலையில் ஒன்றாம் நம்பர் பழம் மெஷினுக்குப் போகும். இரண்டாம் நம்பர் என்றால் மட்டம், ஓரமாகக் கிடக்கும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் பதிலுக்கு வைக்கத்தான் இரண்டைக் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி அவன் அதை நடவே இல்லை. தெலுங்கில் வாடுவது என்றால் உபயோகிப்பதும்தான். உபயோகிக்கவில்லை என்பதைத்தான் வாரா வாரம் அத்தனை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறான்.

"நேனு செப்பானு கதம்மா, வாடலேதுனு," என்று, நான்தான் சொன்னேனே என்கிற மாதிரி பாவமாகப் பார்த்தான்.

தாட்சாயணி அங்கேயே ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தண்ணீர் வந்த பிறகு அது சிரிப்பு மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. செத்த தட்டு ஒன்றை நம்பி ஐந்து வாரம் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டு அம்மாள் அது என்ன என்று விசாரித்தபோது, வாடாத பூ என்றாள்.

அவள் வந்து சேர்ந்தபோது சுரேஷ்பாபு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐந்து வார மழையிலும் தலை சாயாத இரண்டாம் நம்பரைப் பற்றிக் கோவர்த்தனன் கை வீசிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் அவனை முழுக்கச் சொல்லி முடிக்க விட்டாள்.

"அவுரு சொல்றது நெசந்தாங்க. ரெண்டாம் நம்பரு வாடலே," என்று தட்டை நடுவில் வைத்தாள். "ரமணா தட்டை வுட்டு எடுக்கவே இல்ல."

சுரேஷ்பாபு தெலுங்குக்காரர், அவருக்கு உடனே விளங்கிவிட்டது. டீ சட்டையில் சிந்தியதுகூடத் தெரியாமல் சிரித்தார். கோவர்த்தனன் சீட்டைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், கடைசியில் தானும் சிரித்து வைத்தான். வேறு என்ன செய்ய? நானூறு தொட்டியும் ஒன்றாம் நம்பர் என்று சொல்லிவிட்டு சுரேஷ்பாபு கிளம்பினார்.

அவர் போனதும் கோவர்த்தனன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான். நீட்டினானே தவிர விரல் விடவில்லை. எழுதிவிட்டுக் கொடுத்துவிடு என்றான்.

தாட்சாயணி பேனாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டுப் போலத்தான் சொன்னாள்: "பதினாலு வருசமா இந்தப் பேனாவ நான் வாடலே. வாடிக்கினு இருந்தது நான்தான்."

அவன் சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். விரல் தானாக விட்டது.

அவள் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் எழுதினாள். கடைசி வரியில் பெரிய பூ ரகம் ஒரு பாக்கெட் என்று சேர்த்தாள். அடுத்த தடவையாவது அதை நட்டுப் பார்க்கவேண்டுமே, ஒன்றாம் நம்பர் சீட்டையே அதற்குக் குத்திவிடலாம் என்றாள். கோவர்த்தனன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தான். பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை.