பதினான்கு சென்டிமீட்டர்

ரேடார் படத்தில் துறைமுகக் கிரேன்கள் ஈர மையை விரலால் தேய்த்த மாதிரி இழுபட்டுக் கிடந்தன.

"உன் புரோகிராமைத் தூக்கிடலாம்," என்றார் பிரிவுத் தலைவர். அவர் ரகசியம் பேசினாலே அடுத்த அறைக் கண்ணாடி அதிரும். ஆபீஸ் வைத்த பட்டப்பெயர் டெஸிபெல். "நாலு மணிக்கு மீட்டிங். வெளிய சாஃப்ட்வேர் வாங்கிக்கறோம்னு கையெழுத்து போட்டுடறேன். நீ ரிப்போர்ட் எழுதற பக்கம் வந்துடும்மா. அழகா எழுதுவ."

"அழகா எழுத நான் வரல சார்."

இரண்டு வருட உழைப்பு. விமானம் பறந்தபடி அனுப்பும் ஆயிரக்கணக்கான துடிப்புகளின் எதிரொலிகளை ஒன்றாகக் கோத்து, மேகத்துக்கு அடியில் ஒரு முழப் பொருளையும் பிரித்துக் காட்டும் புரோகிராம். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இந்த அறையில் ஒரு நாற்காலிக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒரு கையெழுத்தில் ஏறக்கட்டிவிடுவார்களாமா?

விமானம் பறந்த ஆறு ஓட்டங்களின் படங்களையும் வரிசையாகத் திறந்தாள். விமானம் நேராகப் போன இரண்டும் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தன. காற்றில் மூக்கு ஆடிய நான்கும்தான் குழம்பியிருந்தன. புரோகிராம் கோளாறு என்றால் ஆறும் அல்லவா நாறியிருக்க வேண்டும்?

"ஆண்டெனாவுக்கும் ஜிபிஎஸ் பெட்டிக்கும் நடுவுல உள்ள தூரம்னு புரோகிராமுக்குக் கொடுத்த எண் தப்பு சார். மூக்கு ஆடினா ஆண்டெனா எங்க இருக்குன்னு அதை வச்சுத்தான் கணக்கு."

"ஃபைல்ல 1.362 மீட்டர்னு தெளிவா இருக்கே!"

புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இருந்துவிட்டால் போதும், இவர்களுக்கு அது வேதவாக்கு.

"யார் அளந்தது?"

அவர் ஃபைலை மறுபடி புரட்டத் தொடங்கினார். அவள் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு விமானக் கொட்டகைக்கு நடந்தாள். வழியில் அப்பா போன் செய்தார். பஸ் டிரைவர், சாப்பாட்டு இடைவேளை.

"மேகத்துக்குள்ள படம் பிடிக்கிறியாமே. எனக்கு பஸ்ஸுக்குள்ள கண்டக்டரே தெரிய மாட்டேங்குது."

"அப்பா, இப்ப ஒரு ஆளைக் கடிச்சுத் துப்பற வேலை இருக்கு. அப்புறம் பேசறேன்."

"மெதுவாக் கடிம்மா, பல்லு நம்மளது."

மெக்கானிக் விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தார்.

"அண்ணே, இந்த ஆண்டெனாவை யாராவது நகர்த்தினாங்களா?"

"நான்தான். போன சர்வீஸ்ல பிராக்கெட் விரிசல் விட்டிருந்துச்சு. கொஞ்சம் பின்னாடி தள்ளி மாட்டினேன்."

"கொஞ்சம்னா?"

"ஒரு சாண் இருக்காது."

"ஏண்ணே சொல்லல?"

"உங்க ஆபீஸ்ல எவன் இங்க எட்டிப் பாக்கறான்? யார்கிட்ட சொல்ல, இந்த டயர்கிட்டயா?"

ஒரு முனையை அவர் பிடிக்க, இவள் மூன்று முறை அளந்தாள். 1.502. பதினான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். மூக்கு மூன்று டிகிரி ஆடினால் அது ஏழு மில்லிமீட்டர் பிழை. ரேடார் அலை போய்வர பதினான்கு. அலையின் நீளமே மூன்று சென்டிமீட்டர்தான்; இது கிட்டத்தட்ட அதில் பாதி. அலையின் மேடு விழவேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்தால் படம் எப்படித் தேறும்?

ஆபீஸுக்குத் திரும்பி, எண்ணை மாற்றிப் புரோகிராமை ஓட்டினாள். மூன்று ஐம்பதுக்குப் படம் வந்தது. கிரேன் ஏணியின் படிகளை எண்ணலாம்.

டெஸிபெல் திரையருகே குனிந்து பதினொரு படி எண்ணினார். "சரி, மீட்டிங்ல நான் சொல்லிக்கறேன்."

"நீங்க இல்ல சார். நான் சொல்றேன். ஆண்டெனாவைத் தொட்டா எழுதி வைக்கணும், போய் அளக்கணும், அதையும் சொல்றேன்."

"அங்க உனக்கு நாற்காலி போடலையேம்மா."

"நின்னுக்கிட்டே சொல்றேன்."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். டெஸிபெல் அவளுடைய சார்ஜரை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.