எட்டு மணி மாத்திரை

கடிகாரம் பழுது பார்ப்பவருக்குத் தெருவில் 'நிமிஷம்' என்றுதான் பெயர். அவரிடம் "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகப் போக முடியாது. திரும்பி வரும்வரை கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அக்கா தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுத்தாள். கூடப்பிறந்த பாசமெல்லாம் நமக்குத்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அக்காவும் கிடையாது, அத்தையும் கிடையாது. வெளியாள் என்றால் விரட்டத்தான் பார்க்கும். அதை அடக்கி வைக்கத்தான் காலை எட்டுக்கு ஒரு மாத்திரை, இரவு எட்டுக்கு ஒரு மாத்திரை. குறைந்தால் சிறுநீரகம் போச்சு. கூடினால் மருந்தே அதைக் கெடுத்துவிடும். மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் எங்கே கிடைக்கும்? ஒரு நோட்டுப் போட்டு வேளாவேளைக்கு நேரம் எழுதினார். ஒரு நாள்கூட எட்டு ஒன்று ஆனதில்லை.

மாதாமாதம் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பார்கள். ஏழரைக்கு ரத்தம் கொடுப்பார், எட்டுக்கு மாத்திரை. போன மாதம் பரிசோதனைக் கூடத்தைத் திறக்கும் நேரத்தை எட்டரைக்கு மாற்றிவிட்டார்கள். வாசல் பெஞ்சில் காத்திருந்தவர் எட்டானதும் வழக்கம்போல் மாத்திரையை விழுங்கினார். ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தார்கள். அளவு எகிறியிருந்தது. டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

மூன்றே வாரத்தில் கால் வீங்கியது. சிறுநீரகம் தடுமாறுகிறது என்றது ரிப்போர்ட்.

"மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நிமிஷத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டரம்மாவின் விரல் ஒரு தேதியில் நின்றது.

"ஒன்பதரைக்கு ரத்தம் குடுத்த அன்னைக்குமா எட்டு மணிக்குப் போட்டீங்க?"

"டாண்ணு எட்டுக்கு."

"ரத்தம் குடுத்துட்டுத்தானே மாத்திரை போடணும்! அப்பதான் முழுங்கின மருந்தைப் பார்த்துட்டு, அதிகம்னு குறைச்சுட்டேனே. நானும் உங்களைக் கேட்டிருக்கணும்."

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. அக்காவிடம் என்னவென்று சொல்வார்?

அன்றைக்கே அவரை வார்டில் சேர்த்தார்கள். அவர் சொல்லும்முன்பே, தையல் கடையிலிருந்து அளவு நாடாவைக்கூடக் கழுத்திலிருந்து எடுக்காமல் அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிட்டாள். விஷயம் கேட்டதும் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, "ஊர்ல எல்லாரும் லேட்டா போய்க் காரியத்தைக் கெடுப்பாங்க. என் தம்பி நேரத்துக்குச் செஞ்சே கெடுத்திருக்கான்" என்றாள். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எதிர்ப்புச் சக்தியை அடக்க மூன்று நாள் ஊசி ஏறியது. மூன்று நாளும் அக்கா கேலி பேசினாள். கட்டிலை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் காலை டாக்டரம்மா வந்து, "பொழைச்சுது. பழைய அளவுக்கே மாத்திரை போடுங்க" என்றார்.

நிமிஷம் குழந்தைபோல் அழுதார். "தப்புப் பண்ணிட்டேன்க்கா. நீ குடுத்ததை நானே தொலைக்கப் பார்த்தேன்."

அக்கா அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"என்கிட்ட இன்னும் ஒண்ணுதான்டா இருக்கு" என்றாள். "நீ வந்து கேட்டா அதையும் குடுத்துத் தொலைச்சுடுவேன். மூணு நாளா எனக்கு அதுதான் பயம்."